ஓல்டு ஸ்பைஸும் பெரியப்பா தத்துவமும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

வந்திருப்பவர் பெரியப்பாதான் என்று வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து அறிவது பிரத்யட்சம். மாடிப்படி ஏறும்போதே மூக்கால் அறிவது அனுமானம். இவற்றுள் பின்னதே பழுதற்றது என நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம். கல்யாண வீட்டில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போவோர் உண்டு. மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு போனவர் இல்லை.

முதலில் தோற்றுவாய். வில்லியம் லைட்ஃபுட் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கரின் ஷுல்டன் நிறுவனம் 1937இல் வெளியிட்ட முதல் ஓல்டு ஸ்பைஸ் வாசனைத் திரவியம் பெண்களுக்கானது. ஆண்களுக்கு வந்தது 1938இல்தான். ஆக, பெரியப்பா இத்தனை காலம் பூசிவருவது முறைப்படி பெரியம்மாவின் பாத்தியதை. இம்முடிவைக் குடும்பக் கூட்டங்களில் வெளியிடுவது உசிதமன்று.

புட்டிமேல் படமாக நின்று அதற்குப் பெயர் வாங்கித்தந்த பாய்மரக் கப்பல்களுள் ஒன்றான 'கிராண்ட் டர்க்' சேலம் துறைமுகத்தைச் சேர்ந்தது. மாசசூசெட்ஸ் சேலம்; நம் சேலத்துக்குக் கடல் இல்லாததால் அறிஞரிடையே இதில் சர்ச்சை எழவில்லை. அலைமேல் ஒருவர் பலகையில் சறுக்கிவரும் பழைய தொலைக்காட்சி விளம்பரத்தில் முழங்கியது கார்ல் ஓர்ஃபின் 'கார்மினா புரானா'. அவ்விசை பிராங்க்ஃபர்ட்டில் அரங்கேறியதும் அதே 1937. இதைத் தற்செயல் என்போர் உளர். அவர்கள் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் அல்லர்.

இனிப் பொருளியல்பு. முன்னே வருவன கிராம்பு, பட்டை, சாதிக்காய். சற்றுப் பொறுத்து மரவாடையும் வனிலாவும். பிரியாணிக்கும் இதற்கும் சரக்கில் பேதம் குறைவு. மட்டன் இல்லை, அவ்வளவே. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினால் பல் டாக்டரின் மேசையிலும் இருப்பது. பெரியப்பா மடியில் உட்காரவைத்த குழந்தை வாயை இறுக மூடிக்கொள்வதற்கு இதுவே காரணம் என்பது எம் கருதுகோள்.

சடங்கு முறை வருமாறு: சவரம் முடிந்ததும் புட்டியைக் கவிழ்த்து உள்ளங்கையில் இரண்டு குலுக்கு, கைகளைத் தேய்த்து, இரு கன்னத்திலும் பட்பட்டென அறை, பின் 'ஸ்ஸ்ஆ' என்னும் ஒலி. அவ்வொலி நடிப்பன்று. சூட்டை உணரும் நரம்புமுனை ஏறத்தாழ 42 டிகிரியில்தான் விழித்துக்கொள்ளும். புட்டியிலுள்ள சாராயம் அவ்வரம்பை 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது. எனவே பெரியப்பாவின் கன்னம் தன் சொந்தச் சூட்டிலேயே வேகிறது. இதைப் பார்த்துத்தான் பேரன்கள் ஜெல்லுக்கு மாறினர் போலும்.

எஞ்சியிருப்பது பாடபேதச் சிக்கல். 1990இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ஓல்டு ஸ்பைஸை வாங்கியது. "முன்ன மாதிரி வாசனை இல்லப்பா, தண்ணி கலந்துட்டான்" என்பது மூத்தோர் அனைவரின் ஒருமித்த வாக்குமூலம். ஒரு சாரார் இதை நம்பிச் சரக்கு மாறிவிட்டது என்பர். மறுசாரார் வயதேற ஏற மோப்பம் மங்குவது இயற்கை, மாறியது மூக்கே என்பர். தினம் முகரும் வாடை தனக்கே தெரியாமல் போவதும் உண்டு. இரண்டு குலுக்கு நான்கானதற்கு இக்கட்சியே நல்ல விளக்கம் தருகிறது; யாம் இதன் பக்கம். நான்கு குலுக்குப் பெரியப்பா லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படியில் போவதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

சாட்சி சொல்லச் சம்பந்தப்பட்டவரின் மூக்கு தகுதியற்றது; எனவே, நடுநிலைச் சாட்சியாகப் பெரியம்மாவை அணுகினோம். சரக்கு மாறியதா, மூக்கு மாறியதா என்று கேட்டோம். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "ரெண்டும் இல்ல. கல்யாணத்தன்னிக்கும் இதே நாத்தந்தான்" என்றார்.