பாஸ்தா சாலட்டும் பதவி இறக்கமும்

குடும்பத் தலைவன் என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டு திரிவது வெறும் பழக்க தோஷம். 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கார்டைப் பொறுத்தவரை, வீட்டிலுள்ள 18 வயதுக்குக் குறையாத பெண்களில் மூத்தவர்தான் குடும்பத் தலைவர் என்று அடித்துச் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் அது அம்மா. சட்டம் வருவதற்கு முன்பும் அம்மாதான். நாடாளுமன்றம் கொஞ்சம் தாமதமாகக் கவனித்திருக்கிறது, அவ்வளவே.

இருந்தாலும் பதவி ஆசை யாரை விட்டது? கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அறிவித்தேன்: "இன்னைக்கு யாரும் அடுப்படியில வேக வேண்டாம். சமையல் என் பொறுப்பு. பாஸ்தா சாலட்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "பாத்திரம் யார் பொறுப்பு?"

அந்தக் கேள்வியைப் பின்னர் பரிசீலிப்பதாகச் சொல்லி ஒத்திவைத்தேன்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டு நிலவரத்துக்கு இதைவிடத் தோதான பண்டம் கிடையாது. பையனுக்குப் பாஸ்தா வேண்டும். காலேஜ் போகும் பெண்ணுக்குக் காய்கறி வேண்டும். மனைவிக்கு அடுப்பு வேண்டாம். எனக்குப் பெயர் வேண்டும். ஒரே ஒரு கொதி வந்தால் போதும், மற்றதெல்லாம் பச்சையாகவும் குளிர்ச்சியாகவும் முடிந்துவிடும். இத்தாலிக்காரர்களும் வெயில் காலத்தில்தான் இதை முன்கூட்டியே கலந்து டப்பாவில் அடைத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள்.

முந்தின இரவு நிறையப் படித்திருந்தேன். படித்ததை நாலு பேருக்குச் சொல்லாமல் சமைப்பது எப்படி? எல்லோரையும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து ஆரம்பித்தேன். சிசிலியின் அரசர் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீசி என்ற அறிஞர் 1154-இல் ஒரு புவியியல் நூலை முடித்தார். பலெர்மோவுக்குப் பக்கத்தில் திராபியா என்ற ஊரில் பாஸ்தா செய்து கப்பல் கப்பலாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். மார்க்கோ போலோ பிறந்ததோ 1254-இல். ஆகவே, அவர் சீனாவிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்பது வடிகட்டின…

"தண்ணி வெச்சாச்சாப்பா?" என்றான் பையன்.

இதற்குள் அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தது முறுக்கிவிட்ட ஃபுசில்லி. சாலட்டுக்கு ஸ்பகெட்டி ஆகாது, நீளமாகக் கிடந்து கட்டிக்கொள்ளும். முறுக்கு இருந்தால்தான் அதன் இடுக்குகளில் எண்ணெயும் புளிப்பும் தங்கும் என்று விளக்கினேன். "துரும் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில்தான் உலர்ந்த பாஸ்தாவைச் செய்யணும்னு இத்தாலியில் 1967-லேயே சட்டம் இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"ரவைதானே?" என்றாள் அம்மா. "சேமியாவும் ரவையிலதான் செய்யறான். அவன் என்ன சட்டம் போட்டுக்கிட்டா செஞ்சான்?"

அடுத்தது தண்ணீர். இத்தாலியக் கணக்கு மிகச் சுலபம்: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. அரைக் கிலோவுக்கு 5 லிட்டர். கணக்கைச் சொல்லிவிட்டுக் கேனைச் சாய்த்தேன். பாய்ந்து வந்து கேனைப் பிடித்தாள் மனைவி. சென்னையில், மே மாதத்தில், கேன் போடுகிற பையன் போனை எடுக்காத வாரத்தில், 5 லிட்டர் குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து சிங்க்கில் ஊற்றப்போகும் மனிதனை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. "வடிச்ச தண்ணியைச் செடிக்கு ஊத்திடலாம்" என்று சமாதானம் சொன்னேன். "50 கிராம் உப்போட? கறிவேப்பிலைச் செடி உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள்.

3 லிட்டரில் உடன்பாடு ஏற்பட்டது. அளவுத் தராசைத் தேடி நான் லாஃப்டில் ஏறியிருந்த நேரத்தில், மனைவி ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு, கரண்டியில் எடுத்து ஊதி, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து முடித்துவிட்டாள். நான் இறங்கி வந்தபோது பாஸ்தா கொதித்துக்கொண்டிருந்தது. தலைமைச் சமையல்காரராக இருந்த நான் ஆலோசகர் ஆனேன்.

ஆலோசகர் என்ற முறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பல்லுக்குச் சற்றே தட்டுப்பட வேண்டும், குழையக் கூடாது என்பது இத்தாலிய தர்மம். பாக்கெட்டில் போட்டிருந்த நிமிஷத்துக்கு முன்பே "நிறுத்து!" என்றேன். அம்மா கரண்டியால் ஒன்றை எடுத்தாள். நகத்தால் கிள்ளி என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். வெளியே மஞ்சளாகப் பளபளத்தது. நட்ட நடுவில் ஊசி குத்தியது போல ஒரு வெள்ளைப் புள்ளி.

"மாவு தெரியுது. வேகலடா."

"அம்மா, அதுதான் பதமே. இத்தாலியில…"

"சூடா திங்கறவனுக்கு அது சரி. நீ இதை ஃப்ரிட்ஜில வைக்கப் போறே. ஃப்ரிட்ஜில வெச்ச இட்லி காலையில எப்படி இருக்கு?"

பெண் போனைத் தட்டினாள். பாட்டி சொல்வதுதான் சரியாம். ஆறும்போது மாவுச்சத்து மறுபடி இறுகிக்கொள்ளும். அதனால் குளிரக் குளிரச் சாப்பிடும் பாஸ்தாவைக் கூடவே ஒன்றிரண்டு நிமிஷம் வேகவிட வேண்டுமாம். இது நான் படித்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். என்னை வடிதட்டுப் பிடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

இதை லேசான வேலை என்று யாரும் நினைக்கக் கூடாது. 3 லிட்டர் கொதிநீர் ஒரே வீச்சில் இறங்கும்போது கிளம்பும் ஆவியில் மூக்குக் கண்ணாடி வெளுத்துவிடும். பிறகு நடப்பதெல்லாம் குத்துமதிப்புதான். கண்ணாடியைத் துடைத்து மாட்டியபோது பத்துப் பதினைந்து ஃபுசில்லிகள் சிங்க்கின் துளையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. பையன் அவற்றை இழந்த சொந்தங்களைப் போல மீட்டெடுத்தான்.

இனி இதைக் குளிர்ந்த நீரில் அலசலாமா, கூடாதா என்பது பெரிய விவாதம். சூடாகக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவதாக இருந்தால் அலசவே கூடாது, மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் குழம்பைப் பிடித்துக்கொள்ளும். சாலட்டுக்கு அலசலாம் என்று ஒரு கட்சி; அலசாமல் அகலத் தட்டில் பரப்பி எண்ணெய் விட்டு ஆறவிடு என்று இன்னொரு கட்சி. இரு தரப்பையும் நடுநிலையோடு எடுத்துச் சொல்லிவிட்டுத் திரும்பினால், அம்மா பெரிய தாம்பாளத்தில் பாஸ்தாவைக் கொட்டி, எண்ணெயைச் சுற்றிலும் விட்டு, முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். புளியோதரைக்குச் சோறு ஆறவைக்கும் அதே தாம்பாளம். இரண்டாவது கட்சியின் கொள்கை விளக்கக் கூட்டத்துக்கு அவள் எப்போது போனாள் என்று தெரியவில்லை.

எண்ணெயும் வினிகரும் சேர்ந்த கலவையை மட்டும் நானே செய்வேன் என்று அடம் பிடித்தேன். மூன்று பங்கு ஆலிவ் எண்ணெய், ஒரு பங்கு வினிகர், உப்பு, மிளகு, பூண்டு. ஜாம் பாட்டிலில் ஊற்றி மூடி, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே குலுக்கினேன். குலுக்கும்வரை ஒற்றுமையாக இருந்தன. மேஜையில் வைத்த மறு நிமிஷம் எண்ணெய் மேலே, வினிகர் கீழே. மறுபடி குலுக்கினேன். மறுபடி தனிக்குடித்தனம்.

"கடுகுப் பொடி போடு" என்றாள் அம்மா. ஆவக்காய் சீசன் என்பதால் அரைத்துவைத்த பொடி தயாராக இருந்தது. ஒரு ஸ்பூன் போட்டுக் குலுக்கியதும் கலவை வெளிர் மஞ்சளாகத் திரண்டு, பிரியாமல் நின்றது. கடுகில் இருக்கும் ஒருவகைப் பிசின் எண்ணெயையும் புளிப்பையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கிறது. பிரான்ஸ்காரனும் அதற்காகத்தான் அரைத்த கடுகைச் சேர்க்கிறான். இதையும் நான் சொல்லத்தான் செய்தேன், ஆனால் எல்லோரும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காய் நறுக்கும்போது ஜனநாயகம் தலைவிரித்து ஆடியது. வெங்காயம் வேண்டாம் என்றாள் பெண். குடைமிளகாய் வேண்டாம் என்றான் பையன். தக்காளியை விதை நீக்கிப் போடு, இல்லாவிட்டால் சொதசொதவென்று ஆகிவிடும் என்றாள் மனைவி. வெள்ளரிக்காயை மட்டும் கடைசியில் சேர்க்க வேண்டும், உப்புப் பட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். ஸ்வீட்கார்னை யாரும் எதிர்க்கவில்லை. பன்னீர் ஏகமனதாக நிறைவேறியது. எனக்கு வெங்காயம் நறுக்கும் பணி. வேண்டாம் என்று தீர்மானம் போட்ட பிறகும் ஏன் அதை என்னிடம் கொடுத்தார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "நாளைக்குச் சாம்பாருக்கு ஆகும்" என்று பதில் வந்தது.

ஆலிவ் காயை அம்மா தொடமாட்டாள் என்று நினைத்திருந்தேன். ஒன்றை வாயில் போட்டு ஓரமாக ஒதுக்கி மென்றாள். "உப்புத் தண்ணியில ஊறப்போட்டதா?" என்றாள். ஆமாம், மரத்திலிருந்து பறித்ததும் வாயில் வைக்க முடியாத கசப்பு, வாரக்கணக்கில் உப்புநீரில் கிடந்தால்தான் தின்ன முடியும் என்றேன். "மாவடு போடத் தெரிஞ்சவன் ஒருத்தன் அங்கேயும் இருந்திருக்கான்" என்று பாட்டிலை மூடி இடுப்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். சாலட்டுக்கு நாலே நாலு ஆலிவ் கிடைத்தது.

ஃப்ரிட்ஜில் இடம் பிடிக்கும் பொறுப்பு தகுதி அடிப்படையில் என்னிடமே வந்தது. மேல் தட்டு முழுக்க மாவுத் தூக்கு. அதை நகர்த்தும் அதிகாரம் எனக்கு இல்லை. கீழே மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணங்கள். ஒன்றில் தேங்காய்ச் சட்னி, ஒன்றில் நாலு பட்டாணி, ஒன்றில் என்னவென்று யாராலும் அடையாளம் சொல்ல முடியாத ஒன்று. "அதைத் தூக்கிப் போடாதீங்க, இருக்கட்டும்" என்ற ஆணை மட்டும் ஒவ்வொன்றுக்கும் பொதுவாக இருந்தது.

மதியம் வெளியே எடுத்தபோது பாஸ்தா மேல் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள். "பூஞ்சை!" என்று அலறினான் பையன். என் நேரம் வந்துவிட்டது. ஆலிவ் எண்ணெய் குளிரில் உறையும், வெளியே வைத்தால் தானாக உருகும், பயப்பட ஒன்றுமில்லை என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். சென்னை வெயிலில் என் முதல் வாக்கியம் முடிவதற்குள் அது உருகிவிட்டது.

அடங்கவில்லை நான். "இதை 2 மணி நேரத்துக்கு மேல வெளியே வைக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல வெயில் இருந்தா 1 மணி நேரம்தான்னு அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லுது" என்றேன். "உங்க அப்பாவோட காசிக்குப் போனப்போ புளியோதரை ரெண்டு நாள் வந்துது" என்றாள் அம்மா. புளியும் எண்ணெயும் சேர்ந்து காத்தது அது. இதிலோ பன்னீரும் வெள்ளரியும் இருக்கின்றன என்று வாதாட வாய் திறந்தேன். அவசியம் ஏற்படவில்லை. பாத்திரம் அரை மணியில் காலி. அம்மா மட்டும் சாலட் ஒரு கரண்டி போதும் என்று சொல்லிவிட்டு, தயிர் சாதத்துக்கு ஆலிவைத் தொட்டுக்கொண்டாள்.

மாடி வீட்டுக்கு ஒரு கிண்ணம் போயிருந்தது. மறுநாள் அந்த அம்மா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், "ரொம்ப நல்லா இருந்தது சார், யார் செஞ்சது?" என்று கேட்டார். "எல்லாரும் சேர்ந்துதான்" என்றேன். அலுவலகத்தில் கற்ற பாடம் இது. கூட்டு முயற்சி என்று முந்திக்கொண்டு சொல்பவன்தான் எப்போதும் குறைவாக வேலை செய்தவன்.

"உப்பு எவ்வளவு போட்டீங்க?" என்றார்.

"லிட்டருக்கு 10 கிராம்" என்றேன்.

"ஒரு கை" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

அவர் ஒரு கை என்று மனதில் குறித்துக்கொண்டு படியேறினார். அல் இத்ரீசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருக்காவது வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாம், முழுசாகச் சொல்கிறேன். கை வேலையாக இருந்தாலும், பாத்திரம் தேய்ப்பவனுக்கு வாய் சும்மாதான் இருக்கிறது.