றெக்கை வாங்கப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, ஜெர்மனியில பழைய கிளைடர் ஒண்ணு வாங்கப் போறியாமே? மெத்தச் சந்தோசம். எஞ்சின் இல்ல, பெட்ரோல் செலவு இல்லன்னு உங்கம்மாகிட்டக் கணக்குச் சொன்னியாம். ஷெட் வாடகை, இன்சூரன்ஸ், வருசா வருசம் சோதனை, மேல இழுத்து விடுறவனுக்குக் கூலி, இதெல்லாம் அந்தக் கணக்குல காணோம். இருக்கட்டும், அவளும் ராத்திரி தூங்கணும்ல.

ஸ்டாண்டர்ட் சிர்ரஸ், 1970-கள்ல செஞ்சது, 15 மீட்டர் றெக்கைன்னு போட்டோ அனுப்புன. வெள்ளை வெளேர்னுதான் இருக்கு. மாடு வாங்குறவன் பல்லைப் பிடிச்சுப் பாப்பான். நீ கொம்புல பூசுன வர்ணத்துக்கு அட்வான்ஸ் குடுக்கப் போற. வெயில்ல வச்சு, சாய்ஞ்சு நின்னு பாரு. அந்த மேல்பூச்சுல, ஜெல்கோட்டுங்கானே, அதுல மயிரிழையா வெடிப்பு ஓடும். தேய்ச்சு எடுத்துட்டுப் புதுசாப் பூசணும்னா நூத்துக்கணக்கான மணி நேர வேலை. ஆள் வச்சுச் செஞ்சா கூலியே கிளைடர் விலையைத் தொட்டுரும். “அது சும்மா அழகுக்குத்தான்”பான் விக்கிறவன். அவ்வளவு லேசுன்னா அவனே பூசியிருக்க வேண்டியதுதானே?

லாக்புக்கை வாங்கி நிதானமாப் படி. இறங்கையில றெக்கை நுனி புல்லுல மாட்டி, வண்டி சுத்தித் திரும்புச்சுன்னா வால் பக்கம் விரிசல் விடும். “சின்ன ரிப்பேர்”னு ஒத்தை வரி கண்டா அங்கேயே நில்லு. ஒட்டுனது யாரு, கையெழுத்து எங்க?

டிரெய்லரை மறந்துராத. கிளைடர் பறக்குற நேரத்தைவிட அந்தப் பெட்டிக்குள்ள கழட்டிக் கிடக்குற நேரந்தான் அதிகம். கூரை ஒழுகுனா ஈரம் உள்ளேயே தங்கும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க டிரெய்லருக்கும் டியூவிங்கிற வண்டிச் சோதனை உண்டு. கிளைடர்ல ரேடியோ 8.33 கிலோஹெர்ட்ஸ் வகை இல்லன்னா மாத்தியாகணும். அதைச் சொல்லியே விலையைக் குறை.

இதெல்லாம் இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும்ங்கியா? அங்க வந்தப்ப உன் கிளப்புப் பெருசுங்க பேசுனதை நீதானல தமிழ்ல சொன்ன! நான் கேட்டுக்கிட்டேன், நீ சொன்னதோட சரி.

ஐப்பசியில வாங்கு, குளிர்காலம் பூரா ஷெட் வாடகை கட்டப் பயந்தவன் இறங்கி வருவான். விக்கணும்னா பங்குனியில வித்துரு, அப்பத்தான் எல்லாருக்கும் பறக்குற ஆசை வரும். வாங்க வர்றவன் “ஏன் விக்கிறீங்க?”ன்னு கேப்பான். “நேரமில்ல”ன்னு சொல்லிரு, எல்லாரும் அதைத்தான் சொல்லுறாங்க. 18 மீட்டர்ல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்னு உங்கம்மா காதுல மட்டும் போட்டுராத.