போன ஊரில் ஒரு வீடு

கே: விவாகரத்து முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. சபையில் எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள், ஆனாலும் என்னால் ஒட்ட முடியவில்லை. எங்கள் குழு எத்தியோப்பியாவுக்கு மிஷன் பயணம் போகிறது. நானும் போனால் மனசு ஆறுமா? (வாசகி, கோவை)

ப: ஆறும் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. அப்படிப் போய் ஆறியவர்கள் உண்டு. உங்கள் கதை தெரியாத ஊரில் பரிதாபப் பார்வை இல்லை; வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும், கை இருந்தால் போதும். அதுவே பெரிய நிம்மதி. கிளம்புவதற்கு முன்னால் குழுத் தலைவரிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மறைத்துக்கொண்டு போனால், யாரோ சாட்சி சொல்லும்போது உங்களுக்கு அடக்க முடியாமல் அழுகை வரும். பக்கத்தில் இருப்பவருக்குக் காரணமே தெரியாது. பாட்டுக்குழுவிலும் மேடையிலும் இடம் கேட்காதீர்கள். சமையல்கட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கே: வெளிநாட்டு ஊழியத்துக்குப் போய் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்ட ஒருவரைச் சொல்லச் சொன்னால்? (வாசகர், தூத்துக்குடி)

ப: டாக்டர் கேத்தரின் ஹாம்லின். கோவை வாசகியும் இதைப் படிக்கட்டும், அவர் போகிற நாடுதான்.

ஆஸ்திரேலியாவில் மகப்பேறு மருத்துவராக இருந்தவர். கணவர் ரெஜினால்டும் அதே துறை. இருவரும் ஆழ்ந்த விசுவாசிகள். 1959-ல் ஆறு வயது மகனோடு அடிஸ் அபாபா வந்து இறங்கினார்கள். ஒப்பந்தம் மூன்று வருஷம். செவிலியருக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை.

வந்த இடத்தில், தங்கள் ஊரில் பார்த்தே இராத ஒரு நோயைப் பார்த்தார்கள். நாள்கணக்கில் பிரசவ வலி, ஆஸ்பத்திரி கிடையாது, குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும். தாய் பிழைத்தாலும், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புப் பாதைக்கும் நடுவே ஓட்டை விழுந்து இரவும் பகலும் சிறுநீர் கசியும். ஃபிஸ்டுலா என்பார்கள். நாற்றத்துக்குப் பயந்து புருஷன் விலகுவான், பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு குடிசையில் தனியாகக் கிடக்க வேண்டியதுதான். ஹாம்லின் தம்பதியர் புத்தகத்தை வைத்துப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அந்த அறுவை சிகிச்சையைக் கற்றார்கள். 1974-ல் இந்தப் பெண்களுக்கென்றே தனி மருத்துவமனை கட்டினார்கள். கட்டணம் கிடையாது. குணமாகி வீட்டுக்குப் போகிறவளுக்கு ஒரு புதுத் துணி கொடுத்து அனுப்புவார்கள். பல வருஷம் நனைந்த துணியோடு வாழ்ந்தவளுக்கு, உலர்ந்த புதுத் துணி! அதைத் தீர்மானித்தவருக்குப் பெண்களின் மனசு தெரிந்திருக்கிறது.

மூன்று வருஷம் என்று வந்த கேத்தரின் அறுபது வருஷம் இருந்தார். 1993-ல் கணவர் இறந்த பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. 2020-ல், 96 வயதில், மருத்துவமனை வளாகத்திலிருந்த தன் வீட்டிலேயே இறந்தார்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது மாமித்து காஷேயின் கதை. மலைக்கிராமத்துப் பெண். பதின்ம வயதில் முதல் பிரசவம், நான்கு நாள் வலி, குழந்தை இல்லை. நோயாளியாகத் தூக்கி வரப்பட்டவர். சிகிச்சைக்குப் பிறகு அங்கேயே தங்கி, மற்றவர்களுக்குப் படுக்கை விரித்தார். அப்புறம் அறுவை அறையில் கருவிகளை எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடம் போகாத அந்தக் கைகளின் நிதானத்தை ரெஜினால்டு கவனித்துத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். மாமித்து அறுவை சிகிச்சை செய்பவரானார். பட்டம் பெற்ற டாக்டர்களுக்கே பயிற்சி தந்தார். 1989-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் தங்கப் பதக்கம் கொடுத்தபோது ஹாம்லின் தம்பதியரோடு அவர் பெயரும் இருந்தது. மிஷனெரி கொடுத்துக்கொண்டே இருக்க, ஊர் வாங்கிக்கொண்டே இருந்திருந்தால் இந்த உறவு வந்திருக்காது. அந்த ஊர்ப் பெண்ணின் கையை நம்பி ஒப்படைத்தார்கள் பாருங்கள், கேத்தரினுக்கு அங்கே வீடு கிடைத்தது அதனால்தான் என்பேன்.

கே: போன இடத்தில் குணமாகாமலே போனவர்களும் உண்டே? (வாசகர், நாசரேத்)

ப: உண்டு. உங்கள் பக்கத்திலேயே, டோனாவூரில். அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் முதலில் சீனாவுக்குப் போக விண்ணப்பித்தார்; உடம்பு தாங்காது என்று திருப்பிவிட்டார்கள். 1893-ல் ஜப்பான் போனார், அங்கும் நோய். 1895-ல் இந்தியா வந்தவர், அயர்லாந்துக்கு ஒருமுறைகூடத் திரும்பாமல் 55 வருஷம் இருந்தார். 1931-ல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951-ல் சாகும்வரை பெரும்பாலும் அறைக்குள்தான். படுக்கையிலிருந்தே நோயாளிகளுக்காகப் புத்தகம் எழுதினார். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்றார். அவர் வளர்த்த பிள்ளைகள் மரத்தடியில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பொறித்தார்கள். உடம்பு சுகம் கிடைக்கவில்லை, ஆனால் ஊர் நிறையப் பிள்ளைகள் கிடைத்தார்கள்.

கே: பத்து நாள் பயணத்துக்கு ஆகும் விமானச் செலவை அப்படியே அனுப்பிவிட்டால் அந்த ஊருக்கு நல்லதில்லையா? (வாசகர், திருச்சி)

ப: நியாயமான கேள்வி, கசப்பான பதில். 1998-ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சீரழித்தது. வட அமெரிக்க சபைக் குழுக்கள் போய் வீடு கட்டிக் கொடுத்தன. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் பிறகு விசாரித்தார். வெளிநாட்டார் கட்டிய வீட்டில் இருப்பவர் வாழ்க்கைக்கும், உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீட்டில் இருப்பவர் வாழ்க்கைக்கும் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. போய் வந்தவர்களிடமும் மாற்றம் அதிகம் நிலைக்கவில்லை. ஆகவே செங்கல் அடுக்குவதற்காகப் போகாதீர்கள். அங்கே கொத்தனார் இருக்கிறார், அவருக்குக் கூலியும் தேவை. அந்தப் பணத்தை அனுப்புங்கள். பழகவும் படிக்கவும் என்றால் போங்கள். போனால் அதே ஊருக்கு மறுபடியும் போங்கள்.

கே: மொழி தெரியாதே? (வாசகி, மதுரை)

ப: "உங்கள் பெயர் என்ன?" என்று அவர்கள் மொழியில் கேட்கப் பழகுங்கள். தப்பாகச் சொன்னால் குழந்தைகள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். பாதிப் பழக்கம் அங்கேயே ஆகிவிடும்.

கே: குழந்தைகளோடு எடுத்த படங்களை சபை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? (வாசகர், வேலூர்)

ப: உங்கள் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது ஊர் பேர் தெரியாத ஒருவர் படம் எடுத்துப் போட்டால் சம்மதிப்பீர்களா? தாயைக் கேளுங்கள். அவர் தயங்கினால் போனைப் பையில் வையுங்கள்.

கே: வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், சரி. நம்மவர்கள் போனதுண்டா? (வாசகி, பாளையங்கோட்டை)

ப: உங்கள் பக்கத்திலிருந்தே! வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனெரிகளை அனுப்புவதைப் பார்த்து மனம் குத்தப்பட்டுத் திரும்பினார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பின்னர் அவரே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குக் குடும்பத்தோடு போனார், 1912-ல் அங்கே பிஷப் ஆனார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், 35 வயதில், அவர் பேசியதை இன்றும் சொல்கிறார்கள்: உங்கள் தியாகத்துக்கெல்லாம் நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்ற பொருளில் பேசினார். எத்தனையோ மிஷனெரிகள் உயிரையே கொடுத்தும் இந்தியர்களைச் சமமாக உட்கார வைத்துச் சாப்பிடவில்லை என்ற வலி அதில் இருந்தது. வெளிநாடு போகும் ஒவ்வொரு தமிழ்க் குழுவும் அந்தப் பேச்சைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இப்போது நாம்தான் அந்த மிஷனெரிகளின் இடத்தில் இருக்கிறோம்.

கே: கென்யா போய் வந்தேன். அங்கே குடும்பம்போல் இருந்தது. திரும்பி வந்ததும் வெறுமை. இங்கே யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. (வாசகர், திருப்பூர்)

ப: பலருக்கும் வருவதுதான், உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. முழுக் கதையையும் சபைக்குச் சொல்ல முயல வேண்டாம். பொறுமையாகக் கேட்கும் ஒருவரைத் தேடிச் சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். அப்புறம், நீங்கள் இருப்பது திருப்பூரில். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருப்பார்கள். கென்யாவில் உங்களுக்குக் கிடைத்தது அவர்களுக்கு இங்கே கிடைத்ததா என்று போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அடுத்த வாரம் அவர்கள் தங்கள் அறைக்கு ரொட்டி சாப்பிடக் கூப்பிட்டால், வேலை இருக்கிறது என்று சொல்லாமல் போங்கள்.