மாரிகாலத்துக் கடற்கரை வாசம்

வெல்லாவெளிக்கும் கடலுக்கும் நடுவே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள மட்டக்களப்பு வாவி படுத்துக் கிடக்கிறது என்பதையும், அதற்கு மேற்கே இருக்கும் எங்களைப் படுவான்கரையார் என்றும் கிழக்கே கடலோரம் இருப்பவர்களை எழுவான்கரையார் என்றும் முன்னோர்கள் சூரியனைச் சாட்சி வைத்துப் பிரித்துவிட்டார்கள் என்பதையும், முப்பது வருஷமாகக் கனடாவிலே சீவிக்கும் என் மைத்துனர் மறந்துபோனார் என்று நான் குற்றஞ் சாட்டமாட்டேன். மார்கழி மாதத்தில் எங்கள் பக்கத்திலே சூரியன் என்று ஒன்று உண்டா என்பதே சந்தேகத்துக்குரிய விஷயம் என்பதைத்தான் மனிதர் மறந்துவிட்டார்.

ஸ்காபரோவிலே பனி கொட்டத் தொடங்கினால், மெக்சிகோ தேசத்துக் கான்கூனுக்குப் பறந்து ஒரு கிழமை வெயில் காய்ந்துவிட்டு வருவது அவருடைய வழக்கம். அந்தக் கான்கூன், 1970களிலே மெக்சிகோ அரசாங்கம் ஆளரவமற்ற ஒரு மணல் திட்டைத் தேர்ந்தெடுத்து, திட்டம் போட்டுக் கட்டி எழுப்பிய உல்லாச நகரம். அங்கே ஹோட்டலுக்குள் நுழைந்ததும் மணிக்கட்டிலே ஒரு பட்டியைக் கட்டிவிடுவார்களாம். அது கையில் இருக்கும்வரை தின்பதற்கும் குடிப்பதற்கும் யாரும் காசு கேட்பதில்லையாம். புறப்படும் நாளிலே கத்தரிக்கோல் கொண்டு நறுக்கினாலொழிய அது கழலாதாம். இந்த வைபவங்களை ஆண்டுதோறும் தொலைபேசியில் வர்ணித்துவந்த மைத்துனர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், ஒரு கிழமை போதாது, இரண்டு மாதம் கடற்கரையிலே குடியிருக்கவேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டார்.

“மச்சான், கான்கூனும் கிழக்குக் கரை, நம்மட கடலும் கிழக்குக் கரை. கான்கூன் 21 பாகையில கிடக்கு, நாம எட்டுப் பாகைக்கும் கீழ. வெயில் நமக்குத்தானே கூட? மறுகா எதுக்கு ஊரான் கடலுக்குக் காசு குடுப்பான்?” என்று கேட்டார்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியவனாயிருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் பூமிசாஸ்திரம் கற்பித்தவன் நான். வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் மேலாக வந்து, வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு, ஐப்பசி முதல் தை வரையில் கிழக்கிலங்கையின் தலையிலே கொட்டுகிறது என்பதைக் கரும்பலகையிலே அம்புக்குறி போட்டுப் பரம்பரை பரம்பரையாக விளக்கியவன். மட்டக்களப்புக்கு மழை ஆடியிலே என்றெழுதிய பையனுக்குச் சைபர் போட்டவன். கான்கூன் பக்கத்திலே மழையும் சூறாவளியும் ஆனி தொடங்கிக் கார்த்திகையோடு அடங்கிவிடுகின்றன என்பதும், நமக்குச் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையிலேதான் பாசிக்குடாக் கடல் தடாகம்போல் அடங்கிக் கிடக்கும் என்பதும், மார்கழியிலே வெயில் தேடும் வெள்ளைக்காரர் ஹிக்கடுவைக்கும் மிரிசைக்கும் போவார்களேயொழிய இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாதவையல்ல. இவ்வளவும் தெரிந்திருந்தும், மனைவியின் தமையன் “வரட்டா?” என்று கேட்கும்போது “வராதேயுங்கள்” என்று சொல்வதற்கு ஏற்ற வாக்கியம் படுவான்கரைத் தமிழில் இன்னும் இயற்றப்படவில்லையாதலால், “வாங்க மச்சான்” என்று சொல்லிவிட்டேன்.

வந்தார். மடக்குக் கதிரை ஒன்று, ஓலைத் தொப்பி இரண்டு, நீருக்குள்ளே மூச்சு விடுவதற்கான குழாயும் கண்ணாடியும், காற்றடைத்தால் ஆள் நீளத்துக்கு உப்பும் ரப்பர் மெத்தை, வெயில் தோலைச் சுடாதிருக்க ஐம்பது என்று இலக்கம் போட்ட களிம்பு ஒரு குப்பி ஆகிய சாமான்கள் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளிப்பட்டபோது, கூரையிலே மழை உரலில் போட்ட நெல்லைப்போலக் குத்திக்கொண்டிருந்தது. என் மனைவி தொப்பியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்த மூன்றாவது பார்வையை நான் வர்ணிக்கப் போவதில்லை.

மறுநாள் கொஞ்சம் வெளிக்கவே, “இந்த மாரிக்குள்ள கடலுக்குப் போக ஒண்ணா, அண்ணன்” என்று அவள் தடுத்தும் கேளாமல், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிக்குடிக் கரைக்குப் போனோம். தோணிகளையெல்லாம் தென்னைமரத்தடிவரை இழுத்து ஏற்றிவிட்டு மீனவர்கள் வீட்டிலே இருந்தார்கள். கடலோ, பாலில்லாத தேநீரின் நிறத்தோடு, யாரோ அதன் ஆதனத்தை அபகரித்துவிட்டதுபோல இரைந்துகொண்டிருந்தது. மைத்துனர் கதிரையை விரித்துத் தொப்பியைத் தரித்து உட்கார்ந்தார். காற்று தொப்பியைக் கழற்றி வாவிப் பக்கமாகக் கொண்டுபோயிற்று. அவ்வழியே மாட்டை ஓட்டிவந்த கிழவர் ஒருவர் நின்று, கதிரையையும் அதிலிருந்தவரையும் ஆதரவோடு நோக்கி, “தம்பிக்கு வீட்டில ஏதும் பிரச்சினையோ?” என்று என்னிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

அன்றிலிருந்து கடற்கரை வாசம் எங்கள் திண்ணைக்கு இடம் மாறியது. மடக்குக் கதிரையிலே முதுகு பிடித்துக்கொண்டபடியால், மாமி பெட்டகத்திலிருந்து ஒரு பன்பாயை எடுத்து உதறிப் போட்டார். அந்தப் பாயிலே ஒருக்களித்துப் படுத்தவர், காலையில் இறால் போட்ட புட்டுக்கு எழும்பினார். மத்தியானம் விரால் குழம்புக்கு எழும்பினார். பின்னேரம் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிருக்கு எழும்பினார். மற்ற நேரமெல்லாம் தாழ்வாரத்து நீர் ஒழுகுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது வருஷ இரவிலே ஒரு விபரீதம் நேர்ந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன்னே வயல்பக்கமாக வெடிச்சத்தம் கேட்டது. “பரவாயில்லையே, நம்மட ஊரிலயும் கொண்டாடுறாங்கள்!” என்று பூரித்துப்போன மைத்துனர், வாழ்த்துச் சொல்லும் உத்தேசத்தோடு டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வேலியடிக்குச் சென்று வெளிச்சத்தைப் பாய்ச்ச, அங்கே எங்கள் வாழைக் குட்டியொன்றைப் பிடுங்கி, அதன் வேரிலிருந்த மண்ணை முன்னங்காலில் தட்டித் தட்டித் துப்புரவாக்கிக்கொண்டு, ஒரு யானை நின்றது. வெடி, வட்டையிலே காவலிருந்தவர்கள் கொளுத்திய யானைவெடி. இருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டார்கள் என்பதை அவர் இன்றுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை. டோர்ச் லைட்டைக் காலையிலேதான் கண்டெடுத்தோம். மாமி விடியுமுன்னே ஆளனுப்பி, பயம் தெளிய மந்திரித்த கறுப்பு நூலொன்றை வருவித்து மகனின் மணிக்கட்டிலே கட்டினார். “மெக்சிகோவிலயும் வந்த உடனே கட்டிவிட்டாங்கள்” என்றார் மைத்துனர், ஈனஸ்வரத்தில்.

தை பிறக்குமுன் வெள்ளம் வந்தது. 2011ஆம் வருஷத்து வெள்ளத்தைக் கண்டவர்கள் இதை வெள்ளம் என்று பிரஸ்தாபிக்கவே வெட்கப்படுவார்கள். மாமிக்கோ 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளிக்குப் பின் வந்தவையெல்லாம் தூற்றல். ஆயினும் மண்டூர் வீதி நீருக்குள் மறைந்தது. முகத்துவாரத்தை வெட்டிவிட்டால்தான் வாவி வடியும், எப்போது வெட்டுவார்கள் என்று கடைத்தெருவிலே சர்ச்சை நடந்தது. எங்கள் முற்றத்து நீர் இரண்டாம் படிவரை ஏறிற்று. மைத்துனர் பாயிலிருந்து கையை நீட்டி நீரைத் தொட்டுப் பார்த்து, “பாத்தீங்களா மச்சான், நாம போகாட்டிக் கடலே வருகுது!” என்று ஆனந்தித்தார். ரப்பர் மெத்தைக்குக் காற்றடிக்கும் பாக்கியமும் அன்றைக்குத்தான் கிடைத்தது. அதன்மேலே ஒன்பது கோழிகளும் ஒரு பூனையும் சாதிபேதமின்றி மூன்று நாள் மிதந்தன.

மட்டக்களப்பார் வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்திலே ஒரு பேச்சு உண்டு. மந்திரத்தினால் ஒட்டவைப்பதாக அவர்கள் கருத்து. மந்திரத்தின் சூத்திரம் மழையிலும் தயிரிலும் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், நம்புவோர் இல்லை. கல்யாணமானவன் பெண்வீட்டிலேயே தங்கிவிடும் எங்கள் வழக்கத்தைக் கண்டு மிரண்டுபோன ஏதோவொரு தகப்பனார் கட்டிவிட்ட கதையாக இருக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். எங்கள் வீட்டுப் பாயைப் பொறுத்தவரையில், அதிலே ஒட்டிக்கொண்டவர் இந்த ஊரிலேயே பிறந்தவர் என்பதால், பழியை யார்மேல் போடுவது என்று விளங்கவில்லை. அவர் பயணச்சீட்டை ஒரு தடவை பின்போட்டார். இன்னொரு தடவையும் பின்போட்டார்.

மாசி நடுப்பகுதியிலே, முன்னறிவித்தல் ஏதுமின்றி, வானம் வெளுத்தது. பெரும்போகத்து வயல்களிலே அறுப்பு இயந்திரங்கள் இறங்கின. வெயில் சுள்ளென்று உறைத்தது. எழுவான்கரையிலிருந்து வந்த மீன்காரர் கடல் அடங்கத் தொடங்கிவிட்டது என்று செய்தி சொன்னார். அது மைத்துனர் விமானமேறும் நாள். வாகனத்திலே ஏறுமுன் கத்தரிக்கோல் கேட்டார். மணிக்கட்டு நூலை நறுக்கத்தான். “அறுக்க ஒண்ணா மனே, அது தானா அறுந்து விழவேணும்” என்று மாமி ஆக்ஞையிட்டார். கனடாவிலே குளிர்ச்சட்டைக் கைக்குள் அது இன்னும் இருப்பதாகக் கேள்வி.

மிஞ்சிய தொப்பி வயலிலே வெருளியின் தலையில் இருக்கிறது. ஐம்பது இலக்கக் களிம்பை என் மனைவி இரவிலே பித்தவெடிப்புக்குப் பூசுகிறாள். நல்ல குணம் தெரிகிறதென்று பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிட்டபடியால், வருகிற மாரிக்கு வரும்போது நாலு குப்பி கூடுதலாகக் கொண்டுவரும்படி அண்ணனுக்குச் செய்தி போயிருக்கிறது.