டபுள் இருக்கா?

பள்ளி திறந்த கையோடு மறைமலை நகரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில், பொழுதுபோக்குப் பூங்காக்களில் விற்கும் படம் போட்ட பின்களைப் பற்றிய கேள்விகள் நிறைய. வெளிநாட்டுப் பூங்காவுக்குப் போய்வந்த பிள்ளைகள் அவற்றைப் புத்தகப் பையில் குத்திக்கொண்டு வர, மற்ற பிள்ளைகளுக்கும் ஆசை தொற்றிக்கொண்டதாம். இந்த முறை எல்லாப் பதில்களும் அதற்கே.

ஒரு அப்பா, மறைமலை நகர்: காசு கொடுத்து வாங்கிய பின்னை, முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்குவதில் அப்படி என்ன இருக்கிறது?

பேச்சு இருக்கிறது. ராட்டினத்தில் ஏறி இறங்க யாரோடும் பேச வேண்டாம். பின் மாற்ற வேண்டுமானால் பேசியே ஆக வேண்டும். 1999 அக்டோபரில், புத்தாயிரக் கொண்டாட்டத்தை ஒட்டி ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் தொடங்கிய வழக்கம் இது. ஊழியர்கள் கழுத்துப் பட்டையில் பின்களைக் குத்திக்கொண்டு நிற்பார்கள். நாம் அசல் டிஸ்னி பின் ஒன்றைக் கொடுத்தால், அந்தப் பட்டையில் நாம் கைகாட்டுவது நமக்கு. உறவினர் வந்தால் அறைக்குள் ஓடி ஒளியும் பிள்ளைகூட அங்கே நிமிர்ந்து நின்று, “இதை மாத்திக்கலாமா?” என்று கேட்கும். கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது.

ஏழாம் வகுப்பு மாணவி, பொத்தேரி: ரூல்ஸ் என்ன? சீக்கிரம் சொல்லுங்கள், அடுத்த மாதம் டிஸ்னி பூங்காவுக்குப் போகிறோம்!

ஒன்றுக்கு ஒன்று. ஒரு ஊழியரிடம் ஒரு நாளைக்கு இரண்டு பின் வரை. காசோ பரிசோ கொடுத்து வாங்கக் கூடாது. பின்னால் உள்ள மூடியோடுதான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் விரலில் குத்தும். இன்னொருவர் பட்டையில் நீயாகக் கை வைக்காதே, “கொஞ்சம் கிட்டக் காட்டுறீங்களா?” என்று கேள். போய்வந்ததும் எனக்கு எழுது.

ஒரு தாத்தா, கூடுவாஞ்சேரி: இதெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததா? நாங்கள் தீப்பெட்டிப் படம் மாற்றவில்லையா?

மாற்றினீர்கள் ஐயா. தீப்பெட்டிப் படம், சினிமா பிலிம் துண்டு, பபிள்கம் காகிதத்தில் வந்த கிரிக்கெட் படம், சிப்ஸ் பாக்கெட்டில் வந்த டாஸோ என்று எந்தத் தலைமுறையும் சும்மா இருந்ததில்லை. “டபுள் இருக்கா?” என்ற கேள்வி எந்தப் பூங்காவுக்கும் முந்தியது. ஒலிம்பிக் பின் மாற்றும் வழக்கத்தின் வேரும் 1896 ஏதென்ஸுக்குப் போகிறது: விளையாட்டு வீரர்களையும் நடுவர்களையும் அடையாளம் காண அங்கே அட்டை வில்லைகளைக் குத்திவிட்டார்கள்.

பின் சேகரிப்பவர், வயது 28, குரோம்பேட்டை: ஹாங்காங் டிஸ்னி பூங்காவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அபூர்வமான பின் இருந்தது. என்னிடமிருந்த சாதாரண மிக்கி மவுஸ் வேண்டும் என்று அவனே வந்து கேட்டான். மாற்றிக்கொண்டேன். துள்ளிக்கொண்டு போனான். நண்பர்கள் திட்டுகிறார்கள். தப்பா?

தப்புதான். அவன் துள்ளிக்கொண்டு போனது உங்களுக்குச் சாட்சியாகாது. அவனுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு கையை நீட்டினீர்கள். விவரம் தெரிந்த இருவர் மாற்றிக்கொண்டால் யார் கெட்டிக்காரர் என்று பார்க்கலாம். எட்டு வயதுப் பையனிடம் கெட்டிக்காரத்தனம் காட்டுவதற்கு நம் பிள்ளைகளே பெயர் வைத்திருக்கிறார்கள்: அழுகுணி ஆட்டம்.

செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். குனிந்து, “தம்பி, உன்னுடையது லேசில் கிடைக்காது. என்னுடையது கடையிலேயே கிடைக்கும். அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா” என்று சொல்லியிருக்க வேண்டும், அந்த அம்மாவின் காதிலும் விழும்படி. அதற்குப் பிறகும் அவனுக்கு மிக்கிதான் வேண்டுமென்றால் தாராளமாக மாற்றலாம். சந்தை விலை அவனைக் கட்டுப்படுத்தாது. பிடித்ததை வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் தெரிந்து கொடுக்கட்டும்.

டிஸ்னி நிர்வாகமே இதை உணர்ந்திருந்தது. ஃப்ளோரிடாவில் பச்சைப் பட்டை அணிந்த ஊழியர்கள் 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளோடு மட்டுமே மாற்றும் வழக்கம் இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. மாற்றினால்தான் கிடைக்கும் என்று ‘ஹிடன் மிக்கி’ வரிசைப் பின்களை வெளியிட்டால், ஒவ்வொரு பட்டையாகத் தேடி அலைவது பெரியவர்கள்தானே? நல்ல சேகரிப்பாளர்கள் பிள்ளைகளுக்கென்றே பளிச்சென்ற கார்ட்டூன் பின்களைத் தனியாக ஒரு பையில் கொண்டுபோவார்கள். அடுத்த முறை நீங்களும் கொண்டுபோங்கள்.

ஒரு அம்மா, சிங்கப்பெருமாள் கோயில்: என் மகன் பளபளக்கும் பின்னைக் கொடுத்துவிட்டு, வகுப்புத் தோழனிடம் சாயம் போன ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். போய்த் திருப்பிக் கேட்கட்டுமா?

வேண்டாம் அம்மா. “ஏன் இது பிடிச்சுது?” என்று மட்டும் கேளுங்கள். அதில் டைனோசர் இருக்கலாம். அவனுக்கு அதுவே போதும். நீங்கள் போய்க் கேட்டால் பின் திரும்பி வரும். அந்தத் தோழன் ‘காய்’ விட்டுவிடுவான்.

சட்ட மாணவர், காட்டாங்குளத்தூர்: பின் மாற்றும்போது சிறுவரை ஏமாற்றியவர் பெரியவராக இருந்தால்?

உங்கள் பாடப் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். சிறுவர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று, மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் 1903-இல் தீர்ப்பளித்தது. கல்கத்தாவில் ஒரு சிறுவரிடம் வீட்டை அடமானமாக எழுதி வாங்கிய வழக்கு அது. ஒரு பின்னுக்காக யாரும் நீதிமன்றப் படியேற வேண்டாம். பெற்றோர் கேட்டால் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுப்பதே அந்தப் பெரியவருக்கு மரியாதை.

கல்லூரி மாணவர், பெருங்களத்தூர்: மாற்றிய மறுநாள் மனம் மாறினால்?

பின்னை மாற்றலாம், பேச்சை மாற்றக் கூடாது. அதே ஆளிடம் வேறு பின்னோடு போய்க் கேளுங்கள்.

இல்லத்தரசி, செங்கல்பட்டு: ஆன்லைனில் ஐம்பது பின் கொள்ளை மலிவாகக் கிடைக்கிறதே?

பெரும்பாலும் போலி. ஓரம் சொரசொரப்பாக இருக்கும், வண்ணம் குழிவிழுந்திருக்கும், எடை குறைவாக இருக்கும். அதைத் தெரிந்தே வாங்கிப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பினால், இன்னொரு வீட்டுப் பிள்ளைதான் ஏமாறும்.

ஒரு அம்மா, ஊரப்பாக்கம்: மூன்று வயது மகளும் அடம்பிடிக்கிறாள். கொடுக்கலாமா?

ஊசி உள்ள எதுவும் வேண்டாம். துணியில் தைக்கும் பேட்ஜ் வாங்கிக் கொடுங்கள். ஊசிக்குப் பதில் காந்தம் வைத்த பேட்ஜ்களும் வருகின்றன. அவை இன்னும் ஆபத்து. இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால், குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பெரிய பிள்ளைகளும் ராட்டினத்திலோ தண்ணீர்ச் சறுக்கிலோ ஏறும் முன் பின்களைக் கழற்றிப் பெரியவர்களிடம் கொடுத்துவிடட்டும்.

பத்தாம் வகுப்பு மாணவர், மறைமலை நகர்: அப்பா ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்தபோது கிடைத்த நீல நிறப் பின் வீட்டில் இருக்கிறது. தம்பி அதைக் கொடுத்து போகிமான் பின் வாங்கப் பார்க்கிறான். தடுக்கட்டுமா?

உடனே தடு. பிறகு தம்பியை உட்காரவைத்து அந்தப் பின்னின் கதையைச் சொல். உங்கள் ஊரின் முகத்தை மாற்றிய ஆலை அது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 2022-இல் உங்கள் ஊரில் கடைசி கார் உருண்டு வெளியே வந்தது. உன் அப்பாவின் உழைப்புக்கு அந்தப் பின் அடையாளம். மாற்றுவதற்கு ஒரு டப்பா, மாற்றவே கூடாததற்கு ஒரு டப்பா என்று இன்றைக்கே பிரித்து வையுங்கள். எந்த டப்பாவில் எது என்று அப்பாவும் சொல்லட்டும்.

ஆசிரியை, தாம்பரம்: வகுப்பில் ஒரே சண்டை. தடை போட்டுவிடலாமா?

பாட நேரத்தில் தடை போடுங்கள், உணவு இடைவேளையில் விட்டுவிடுங்கள். மாற்றிக்கொள்வது சண்டைக்கு மட்டுமல்ல, சிநேகத்துக்கும் வழி. 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழா ஜம்போரி என்ற பெருங்கூடல் நடந்தது. ஜம்போரி என்றாலே பேட்ஜும் ஸ்கார்ஃபும் மாற்றிக்கொள்வதுதான். மொழி தெரியாத பிள்ளைகள்கூட அப்படித்தான் சிநேகமாகிறார்கள். உங்கள் பள்ளிச் சாரணர் ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுங்கள். “வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தக் கூடாது” என்ற ஒரே விதியைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். பாதிச் சண்டை நின்றுவிடும்.

ஒரு அப்பா, வண்டலூர்: வெளிநாடு போக வசதியில்லை. என் மகளுக்குச் சேகரிப்பதில் கொள்ளை ஆசை.

தபால்தலையில் தொடங்குங்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும், தபால்தலை சேகரிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தர, அஞ்சல் துறை 2017-இல் ‘தீன் தயாள் ஸ்பர்ஷ்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. தேர்வு எழுதித் தகுதிபெற வேண்டும். அஞ்சலகத்தில் விசாரியுங்கள்.

வெளிநாடு போக முடியாத குறைக்கு உங்கள் ஊர்ப் பக்கமே பதில் சொல்ல முடியும். பொழுதுபோக்குப் பூங்கா என்றால் தாம்பரத்தில் கிஷ்கிந்தா இருக்கிறது, 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் வந்துவிட்டது. ஆனால் பின் மாற்றும் வழக்கத்தை இங்கே முதலில் தொடங்க வேண்டியது 1985 முதல் வண்டலூரில் இருக்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காதான் என்பேன். வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள், பனை, தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சி என்று நம் மாநிலச் சின்னங்களே ஐந்து பின்களுக்குப் போதும். அரசுப் பள்ளிப் பிள்ளையும் வாங்கும் விலையில் விற்கட்டும். ஊழியர்கள் கழுத்துப் பட்டையில் குத்திக்கொண்டு நிற்கட்டும். பிள்ளை கேட்டால் மாற்றிக் கொடுத்து, அந்தச் சின்னத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லி அனுப்பட்டும். பூங்கா நிர்வாகத்துக்கு நான் எழுதப்போகிறேன். நீங்களும் ஒரு கடிதம் போடுங்கள்.