ஒற்றைக் கண்ணனுக்கு ஒரு வாளி

சண்டை மீனை ஜோடி சேர்த்தால் குஞ்சு பொரிக்கும் என்று மீன் கடைக்காரர் சொன்னார். பொரித்த நூற்றுச் சொச்சமும் இரண்டு மூன்று நாளிலேயே சாப்பாடு கேட்கும் என்று சொல்லவில்லை.

தூள் தீனி போட்டேன். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. துள்ளுகிற இரைதான் வேண்டுமாம். எனக்கே நேற்று வைத்த குழம்புதான், இதுகளுக்கு உயிருணவு!

விசாரித்ததில் வழி கிடைத்தது: சைக்ளாப்ஸ். கோப்பிபாட் குலம், இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துப் பங்காளி. வளர்ந்து முடித்தாலும் 1 மில்லிமீட்டர் அளவுதான். தலையில் ஒரே கண் என்பதால் கிரேக்கக் கதை அரக்கனின் பெயர். பெண்ணுக்கு வாலின் இருபுறமும் முட்டைப் பை. தண்ணீர் லாரியிலிருந்து இரண்டு இடுப்பிலும் குடத்தோடு திரும்புகிற தோரணை. முட்டையிலிருந்து வருகிற குஞ்சு 11 முறை சட்டை உரித்தால்தான் பெரிய மனுஷன் ஆகும்.

மொட்டை மாடியில் இரண்டு வாளியில் சைக்ளாப்ஸை விட்டு வைத்தேன். முதல் வாளிக்கு ராஜ உபசாரம்: காற்றுக் குழாய், வேளாவேளைக்கு ஈஸ்ட் கரைசல். இரண்டாவதைத் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்தே போனேன். நாலாம் நாள் முதல் வாளி நாறியது. தீனி மிஞ்சினால் தண்ணீர் கெட்டு எல்லாம் செத்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது கொசுப்புழு பார்க்கிற அம்மா படியேறி வந்தார்.

"என்ன சார், தண்ணிய தேக்கி வச்சிருக்கீங்க?"

"இது கொசுவுக்கு எதிரிம்மா. வியட்நாம்ல இந்த இனத்தைத் தொட்டியில விட்டுத்தான் டெங்குக் கொசுப்புழுவை ஒழிச்சாங்க."

"இது கொளத்தூர் சார்," என்று வாளியைக் கவிழ்த்தார்.

தொட்டிக்குப் பின்னால் அவர் பார்க்கவில்லை. அவர் போனதும் நான் பார்த்தேன். பாசி பிடித்த பச்சைத் தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகள் வெட்டி வெட்டித் துள்ளின. யாரும் கவனிக்காத பிள்ளைதான் உருப்படும் போலிருக்கிறது.

அப்படியே அள்ளி ஊற்றவும் முடியாது. வளர்ந்த சைக்ளாப்ஸ் மீன் குஞ்சையே கடிக்கும். யார் யாருக்குத் தீனி என்று குழம்பிவிடும். பெரியவற்றை வலையில் நிறுத்திவிட்டு, வலைக்குத் தப்பிய பொடிசுகளை நாலாக மடித்த வேட்டித் துணியில் பிடித்தேன்.

துணியைப் பார்த்ததும் அப்பத்தா ஞாபகம். ஊருணித் தண்ணீரை இப்படித்தான் மடித்த துணியில் வடிகட்டுவாள். "நரம்புச் சிலந்தி வந்துரும்டா" என்பாள். அந்த நோய்ப் புழுவின் குஞ்சை வயிற்றில் சுமந்து திரிந்ததும் இதே சைக்ளாப்ஸ்தான். குடித்து ஒரு வருஷம் கழித்து, காலைப் பொத்துக்கொண்டு புழு வெளியே வரும். இந்தியாவில் அது ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000இல்தான்.

அப்பத்தா தண்ணீரை வைத்துக்கொண்டு துணியை உதறினாள். நான் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துணியைப் பத்திரமாக ஏந்தி நிற்கிறேன்.

"அது என் அப்பா உங்களுக்குத் தலைதீபாவளிக்கு எடுத்த வேட்டிதானே?" என்கிறாள் மனைவி, படியில் நின்றபடி.