பத்தாயிரம் கேம், ரெண்டு பெருவிரல்

ஏலே பேராண்டி, கையில என்னது, மியோ மினியா? சட்டைப் பையில அடங்குத பொட்டிக்குள்ள பத்தாயிரம் கேம் வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதியாமே. நல்லாருக்கு. அதுல எத்தனைய ஆடி முடிச்சன்னு நான் கேக்க மாட்டேன். வயசுப் பிள்ள மனசு நோவக் கூடாதுல்லா.

ஆனா ரொம்பப் பீத்தாத. உங்கப்பன் சின்னப் பிள்ளையா இருக்கையில டிவில மாட்டி ஆடுத வீடியோ கேம் வந்துச்சு. கேசட்டுல '9999 இன் 1'ன்னு அச்சடிச்சிருப்பான். போட்டுப் பாத்தா கொஞ்சூண்டு கேம்தான், பேரை மாத்தி மாத்தி வரும். உன் மெமரி கார்டுலயும் அதே கூத்துதான். ஒரே கேமு ஜப்பானுக்கு ஒண்ணு, அமெரிக்காவுக்கு ஒண்ணு, ஐரோப்பாவுக்கு ஒண்ணுன்னு மூணு தடவை உக்காந்திருக்கும். அதுல ஐரோப்பாக்காரன் சரக்கைத் தொடாத. அவன் ஊரு டிவிக்கு நொடிக்கு 50 படம், மத்த ரெண்டுக்கும் 60. அதனால பல கேமு அங்க மெதுவாத்தான் ஓடும். அது தெரியாம நீ ராத்திரி பூரா செட்டிங்ஸைத் திருகிட்டுக் கெடப்ப.

திருகுததுல நீ கெட்டிக்காரன்தான், ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு கேளு. நிண்டெண்டோக்காரன் 1983-ல ஜப்பான்ல விட்ட ஃபேமிகாம்ங்குத கேம் பொட்டில சிப்பு வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். உன் பொட்டில 1.2 ஜிகாஹெர்ட்ஸ், அதுவும் ரெண்டு கோரு. மரியோவக் குதிக்க வைக்க இவ்வளவு எதுக்குன்னு கேக்குதியா? ராணி சும்மா உக்காந்தாலே ராணி. கூத்துல ராணி வேஷங்கட்டுதவன் மீசைய மழிக்கணும், சேலை சுத்தணும், கொரலை மாத்தணும். பழைய பொட்டியாட்டம் வேஷங்கட்டுத எமுலேட்டருக்கும் அந்தப் பாடுதான். பழைய சிப்புக்கு எழுதுன ஒவ்வொரு கட்டளையையும் புதுச் சிப்புக்குப் புரியுத மாதிரி மாத்தணும். படம் வரையுத சிப்பு, சத்தம் போடுத சிப்பு எல்லாமும் அதேதான் ஆகணும். ஒரு படத்துக்குக் கெடைக்குத நேரம் 17 மில்லிசெகண்டுகூட முழுசா இல்ல. இதுல நீ நிண்டெண்டோ 64 கேமையும் ஏத்திட்டு, ஏன் தாத்தா நொண்டுதுன்னு கேட்டா, நான் என்ன வைத்தியனா?

திரையவும் விட்டு வைக்கல நீ. அது 640-க்கு 480. 1989-ல வந்த கேம் பாய் படம் 160-க்கு 144. மூணால பெருக்கு: 480-க்கு 432. சுத்திக் கருப்பு விளிம்பு நிக்கும், படம் கண்ணாடியாட்டம் தெளிவா இருக்கும். கருப்பு கண்ணுல பட்டா ஒனக்குப் பொறுக்காது. முழுத்திரைக்கு இழுத்து விட்டு எல்லாரையும் குண்டாக்கிட்டு, பிக்சலு கோணுதுன்னு பொலம்புத.

பொட்டியோட வந்த கார்டு மலிவுச் சரக்கு. நல்ல கார்டா ஒண்ணு வாங்கி, மொதல்ல எல்லாத்தையும் அதுக்கு மாத்து. பழைய கார்டு செத்துப்போச்சுன்னா உன் ஆட்டமும் சேந்து போயிரும். அதுல இருக்க கேமை எழுதுனவனுக்கு ஒரு பைசா போகலங்கது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வித்தவனுக்கு நம்ம ரெண்டு பேரைவிட நல்லாத் தெரியும்.

இன்னொண்ணு கேள்விப்பட்டேன். ஆட்டத்துல செத்தா, கேமை ஓட்டுத ரெட்ரோஆர்ச்சுல பொத்தானை அமுக்கிப் பின்னால ஓட்டிக்கிடுதியாமே. சாவே வராதவனுக்குக் கான்ட்ரா கேமு எதுக்குல? எங்க காலத்துக் கள்ளத்தனத்துக்கு ஒரு அளவு இருந்துச்சு. டைட்டில் வரும்போது மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ. பெறவு ஸ்டார்ட். மூணு உசுரு முப்பதாயிரும்.

எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. உங்கப்பன் பள்ளிக்கூடம் போன பெறவு அந்தப் பொட்டி சும்மாவா கெடந்துச்சு? குடு இங்க, நீ அடுத்த செட்டிங்ஸைத் தேடுததுக்குள்ள நான் ரெண்டு ஸ்டேஜ் முடிச்சிடுதேன்.